ஆர்பத்நாட் வீழ்ச்சியும் வக்கீல் கிருஷ்ணசாமி ஐயரும்

வடபுலத்து நகரங்களிலே குடியேறி வாழும் நம்மவர் பலர், 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற்குப் பின் கடைவீதிகளில் ஒரு மாறுதலைக் கண்டிருப்பர். நெடுங்காலமாக அலகாபாத் பாங்கு என்று பலகை தாங்கி நின்ற கிளைகள், ஒன்றன்பின் ஒன்றாக இந்தியன் பாங்கு என்னும் பெயரை ஏற்கலாயின. 1865-ல் பிரயாகையிலே தோன்றிய பாங்கு, 1907-ல் சென்னைக் கடற்கரையிலே தோன்றிய பாங்கோடு இணைக்கப்பட்டதன் விளைவு அது. அப்பலகையை முதன்முதற் கண்ட நம் காலனித் தாய்மார் சிலர், நம்மூர் பாங்கு நம்மைத் தேடி வந்துவிட்டது என்று மகிழ்ந்ததை நாம் அறிவோம். ஆயினும் அந்தப் பாங்கைத் தோற்றுவிக்க முன்னின்றவர் யார் என்று கேட்டால், விடை கூறுவார் நம்முள் மிகச் சிலரே. செல்வச் சீமான்களும் நாட்டுக்கோட்டை நகரத்தார் பெருமக்களும் அதற்குத் துணை நின்றார்கள் என்பது உண்மை. ஆனால் முதல் முயற்சி ஒரு வக்கீலுடையது. அவரே மயிலாப்பூர் வி. கிருஷ்ணசாமி ஐயர்.

இவ்வாண்டு மலருக்கு அன்னாரின் சரிதத்தை நாம் தேர்ந்துகொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் காலனிப் பிள்ளைகளில் சட்டம் பயில்வோர் தொகை பெருகி வருகிறது. படிப்பு முடிந்ததும் எத்துறையில் தொழில் நடத்துவது என்ற பேச்சு வீட்டுக்கு வீடு எழுகிறது. கிரிமினல் வழக்கா, சொத்து வழக்கா, அல்லது பாங்கு, கம்பெனி, திவால், வரி முதலிய பண விவகாரங்களா என்று பெற்றோர் தடுமாறுகின்றனர். பண விவகாரம் என்றவுடன், அது பணக்காரர்களுக்குப் பணக்காரர்கள் செய்துகொள்ளும் ஊழியம், அதிலே தருமம் ஏது என்று முகஞ்சுளிப்பாரும் உளர். பகலெல்லாம் பேரேட்டிலும் ரசீதுக் கட்டிலும் கண் பதித்துக் காலங்கழிக்கும் நமக்கு இக்கருத்து உடன்பாடன்று. ஒரு பேரேட்டின் ஒரு வரியிலே ஒரு குடும்பத்தின் இருபதாண்டுச் சேமிப்பு அடங்கியிருக்கக் கூடும். அந்த வரி பொய்யாய்ப் போன ஒரு நாளில் கிருஷ்ணசாமி ஐயர் என்ன செய்தார் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

தஞ்சை ஜில்லா, கும்பகோணத்தை அடுத்த திருவிடைமருதூரிலே 1863-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் பிறந்தார். தந்தையார் வேங்கடராமையர் முன்சீப் உத்தியோகம் வகித்தவர். ஆகவே வாதி, பிரதிவாதி, தாவா, டிக்ரி என்னும் சொற்கள் பிள்ளைப் பருவத்திலேயே அவர் செவியில் விழுந்திருக்கும். கும்பகோணம் காலேஜிலும் சென்னை மாகாணக் கல்லூரியிலும் பயின்று, சட்டத்திலும் தேறி, 1885-ல் சென்னை ஹைகோர்ட்டிலே வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். அப்போது வயது 22.

வக்கீல் என்ற சொல்லை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். அந்நாளில் ஹைகோர்ட்டிலே வழக்காடியவர்கள் ஒரே இனத்தவரல்லர். சீமைக்குச் சென்று லண்டனில் பட்டம் பெற்று வந்தவர்கள் பாரிஸ்டர்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஆங்கிலேயர். இந்நாட்டிலேயே சட்டம் பயின்று பதிவு செய்துகொண்டவர்கள் வக்கீல்கள். பட்டணத்து வர்த்தகக் கம்பெனிகளின் வழக்குகள் பெரும்பாலும் வெள்ளைக்கார அட்டார்னிகள் வழியே வெள்ளைக்காரப் பாரிஸ்டர்களையே அடையும். வக்கீல்களுக்குப் பெயரும் பொருளும் தந்தவை மொபஸலிலிருந்து அப்பீலுக்கு வரும் நில வழக்குகள், ஜமீன் வாரிசு வழக்குகள், தத்து, பாகப்பிரிவினை முதலியன. பாஷ்யம் ஐயங்காரும் ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயரும் அவ்வழியே உயர்ந்தவர்கள். கிருஷ்ணசாமி ஐயரும் அவ்வழியே சென்றார். பண விவகாரமே என் துறை என்று சங்கற்பம் செய்துகொண்டு புறப்பட்டவரல்லர் அவர். அப்படி ஒரு தனித்துறை அந்நாளில் வகுக்கப்பட்டிருக்கவுமில்லை.

தொடக்கத்தில் சில ஆண்டுகள் வழக்குகள் அதிகம் வரவில்லை. வருவாயற்ற இளம் வக்கீலின் நிலை இன்றும் அன்றும் ஒன்றே. காலையில் கோர்ட்டுக்குச் சென்று மாலையில் வெறுங்கையோடு திரும்பும் பிள்ளையைக் கண்டு மனம் தளரும் பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டும். மயிலாப்பூர் வக்கீல்கள் சனிக்கிழமைதோறும் கூடிச் சட்ட நுணுக்கங்களை விவாதித்து வந்தனர். அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்ததே 1891-ல் தொடங்கிய மதராஸ் லா ஜர்னல் என்னும் சட்டப் பத்திரிகை. அதனை நடத்தியவர்களுள் பி. ஆர். சுந்தரமையரும் கிருஷ்ணசாமி ஐயரும் முக்கியமானவர்கள். தீர்ப்புகளைத் திரட்டி, ஆராய்ந்து, தவறு கண்டவிடத்து நீதிபதிகளையும் விடாது விமரிசித்து எழுதிய அப்பயிற்சியே அவர் அறிவைக் கூராக்கியது எனலாம். படிப்படியாக வழக்குகள் வந்தன, பிறகு பெருகின. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது சென்னையின் முதல்வரிசை வக்கீல்களுள் அவர் ஒருவர். நாவன்மையோடு விரைந்த சினமும் உடையவர் என்று பெயர். ஈட்டிய பொருளை ஈட்டிய வேகத்திலேயே பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டவர் என்றும் பெயர். மயிலையில் 1905-ல் வேங்கடரமண வைத்தியசாலையும், ரானடேயின் பெயரால் நூல்நிலையமும், 1906-ல் சம்ஸ்கிருதக் கல்லூரியும் அவர் முயற்சியால் எழுந்தவை.

அந்த 1906-ஆம் ஆண்டு சென்னைக்குப் பொல்லாத ஆண்டாக முடிந்தது.

சென்னையிலே அந்நாளில் மூன்று வெள்ளைக்கார வியாபார ஸ்தாபனங்கள் கொடி கட்டிப் பறந்தன. பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்பன அவை. மூன்றிலும் மிக உறுதியானது என்று ஊரார் நம்பியது ஆர்பத்நாட் கம்பெனியையே. அது 1810 முதல் அப்பெயரால் நடந்து வந்தது. ஏற்றுமதி, இறக்குமதி, ஏஜென்ஸி இவற்றோடு பாங்குத் தொழிலும் செய்து வந்தது. பென்ஷன் பெற்ற உத்தியோகஸ்தர், கைம்பெண்கள், ஜமீன்தார்கள், தரும ஸ்தாபனங்களின் நிர்வாகிகள், சிறு சம்பளக்காரர் ஆகிய பலரும் அங்கே டிபாசிட் வைத்திருந்தனர். அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பட்டணத்தின் பெரிய மனிதர். வர்த்தகர் சபையிலும் சட்டசபையிலும் மதிப்புப் பெற்றவர். அவர் கடையிலே போட்ட பணம் தம் வீட்டு இரும்புப் பெட்டியில் இருப்பதைவிடப் பத்திரம் என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. கணக்கைப் பார்த்து நம்பியவர்கள் அல்லர் அவர்கள். கட்டடத்தையும் பெயரையும் பார்த்து நம்பியவர்கள்.

1906 அக்டோபர் 22-ஆம் தேதி, திங்கட்கிழமை, ஆர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. சென்னையும் லண்டனும் ஒரே முதலாளிகளின் கீழ் இரண்டு பெயர்களில் நடந்து வந்த ஸ்தாபனம் அது. லண்டனில் அதன் பெயர் மக்பாடியன் கம்பெனி. அங்கே பொறுப்பிலிருந்த பாட்ரிக் மக்பாடியன் வியாபாரச் சூதாட்டங்களில் பெரும் பொருளை இழந்து, அதற்குச் சில தினங்களுக்கு முன்னர்த் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தந்திச் செய்தி வந்ததும் சென்னைக் கடையும் சாய்ந்தது. அதிர்ச்சி அதனோடு நிற்கவில்லை. பின்னி கம்பெனியும் தள்ளாடி, பிறர் கைக்கு மாறியே பிழைத்தது.

கதவடைத்த கட்டடத்தின் முன் பாஸ்புத்தகமும் ரசீதும் கையிலேந்தி நின்றவர்களின் நிலையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற நாளில் கைக்கு வந்த தொகை முழுவதையும், அதிக வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிதிக் கம்பெனியில் போட்டுவிட்டு, பின்பு ஆண்டுக்கணக்கில் அலைந்த பெரியவர் ஒருவரை நம் காலனியிலேயே நாம் கண்டதுண்டு. மாலை நேரங்களில் அவர் எவரோடும் பேசாது திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவரைப் போல் ஆயிரக்கணக்கானோர் ஒரே பட்டணத்தில், ஒரே நாளில் உட்கார்ந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

கிருஷ்ணசாமி ஐயர் இவ்விவகாரத்திலே தலையிட்டது இந்தச் சமயத்தில்தான். வழக்கு இன்சால்வென்சி கோர்ட்டுக்கு வந்தது. மஞ்சள் கடிதாசு கொடுத்துவிட்டான் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுவே இன்சால்வென்சி. அதன் நடைமுறையைச் சற்று அறிந்துகொண்டால்தான் வக்கீலின் பணி இன்னதென்று விளங்கும்.

கடன் தீர்க்க முடியாதவன் கோர்ட்டிலே மனுச் செய்துகொண்டால், அவனுடைய சொத்து முழுவதும் அபிஷியல் அஸைனி என்னும் கோர்ட்டு அதிகாரியின் வசம் சேர்ந்துவிடும். அவர் சொத்துக்களை விற்றுப் பணமாக்குவார். ஈடு பிடித்துக்கொண்டு கடன் கொடுத்தவர்கள் அந்த ஈட்டைக் கொண்டு முதலில் தம் கடனைத் தீர்த்துக்கொள்வர். ஈடின்றி நம்பிக்கை ஒன்றையே பற்றிக் கொடுத்தவர்கள், அதாவது டிபாசிட் வைத்த ஏழை எளியவர்கள், மிச்சத்தை விகிதாசாரமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். உதாரணமாக, மிச்சம் ரூபாய்க்கு நாலணா என்று தேறினால், ஆயிரம் ரூபாய் போட்ட கைம்பெண்ணுக்கு இருநூற்றைம்பது ரூபாய். அதுவும் தவணை தவணையாக, பல வருஷங்களில். சொத்தை விற்பதில் அவசரம் காட்டினால் விலை குறையும். தாமதித்தால் செலவு ஏறும். திவாலாவதற்குச் சற்று முன்னே வேண்டியவர்களுக்கு மட்டும் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அதனை மீட்டு வந்து பொதுவில் சேர்க்க வேண்டும். முதலாளிகள் சொந்தப் பெயரில் வைத்திருப்பது எவ்வளவு, மனைவி மக்கள் பெயரில் வைத்திருப்பது எவ்வளவு என்று தோண்ட வேண்டும். இதற்கெல்லாம் கணக்குப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டும் பொறுமையும், குறுக்கு விசாரணையில் பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே கேட்கும் துணிவும் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆர்பத்நாட் என்பது இக்காலத்துக் கம்பெனிகளைப் போன்ற லிமிடெட் ஸ்தாபனமன்று, கூட்டு வியாபாரம். லிமிடெட் கம்பெனியிலே பங்குதாரரின் பொறுப்பு அவர் வாங்கிய பங்கின் தொகையோடு நின்றுவிடும். கூட்டு வியாபாரத்திலோ கூட்டாளிகளின் சொந்த வீடு வாசலும் கடனுக்குக் கட்டுப்பட்டது. கேட்பதற்கு இது டிபாசிட்தாரருக்கு நன்மைபோலத் தோன்றும். ஆனால் லிமிடெட் கம்பெனி தன் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்வித்துப் பங்குதாரர் முன் வைக்க வேண்டும். கூட்டு வியாபாரத்தின் கணக்கோ கூட்டாளிகளின் மேஜை அறையைவிட்டு வெளியே வராது. ஆர்பத்நாட் கம்பெனியின் உள்நிலையை, அது விழும் நாள் வரையில் சென்னையிலே டிபாசிட் வைத்த ஒருவரும் அறிய வழியில்லாமற் போனது இதனாலேயே.

இந்த வழக்கிலே கடன் கொடுத்தோர் பக்கம் நின்றார் கிருஷ்ணசாமி ஐயர். அக்காலத்தில் அது சாமானியமான காரியமன்று என்பதை நினைவில் வைக்க வேண்டும். எதிரே நிற்பவர் ஸர் பட்டம் பெற்ற ஆங்கிலேயர். ஆட்சியும் ஆங்கிலேயருடையது, நீதிபதிகளும் பெரும்பாலும் ஆங்கிலேயர். வக்கீலோ அரசியலில் மிதவாதி. பிரிட்டிஷ் சட்டத்தின்மீது உண்மையான பற்றுடையவர். கவர்ன்மெண்டின் நன்மதிப்பையும் பெற்றவர். ஒதுங்கியிருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமுமில்லை. ஜமீன் வழக்குகளே அவருடைய நேரம் முழுவதையும் நிரப்பப் போதுமானவை. ஆயினும் அவர் அந்தக் கணக்குக் காட்டுக்குள் புகுந்தார். அத்திவால் வழக்கின் பிரதான மனிதர்களுள் ஒருவராகவே அவர் பெயர் சரித்திரத்தில் நிலைத்திருக்கிறது.

வழக்கின் முடிவுகள் பல திசைகளில் சென்றன. ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்மீது குற்ற வழக்குத் தொடரப்பட்டு, 1907-ல் அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. வெள்ளைக்காரப் பெருவியாபாரி ஒருவர் சென்னையிலே இந்திய டிபாசிட்தாரரின் பணத்துக்காகச் சிறை புகுந்தது ஊரையே பேச வைத்தது. லண்டன் திவாலும் சென்னைத் திவாலும் தனித்தனி நாட்டுச் சட்டத்தின்படி நடந்தன. எந்தச் சொத்து எந்த ஊர்க் கணக்கில் சேரும் என்று சண்டையிட்டுக்கொண்டே போனால், உள்ள பொருளும் வழக்குச் செலவிலே கரைந்துவிடும். ஆகவே லண்டனிலிருந்த டிரஸ்டியும் சென்னையிலிருந்த அபிஷியல் அஸைனியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இரண்டு ஊர்ச் சொத்துக்களையும் ஒன்றாகத் திரட்டி, இரண்டு ஊர்க் கடன்காரர்களுக்கும் ஒரே விகிதத்தில் பங்கிடுவது என்பதே அது. விஜயநகரம் சுரங்கக் கம்பெனி இதனை எதிர்த்து லண்டன் கோர்ட்டுக்குப் போயிற்று. 1908-ல் அந்தக் கோர்ட்டு, ஒப்பந்தம் நியாயமானது, எல்லோருக்கும் நன்மை தருவது என்று கூறி அதனை நிலைநிறுத்தியது. ஒரு கம்பெனி இரண்டு தேசங்களில் திவாலானால் என்ன செய்வது என்று சட்டம் பயில்வோர் இந்நாளிலும் ஆராயும்போது, மக்பாடியன் வழக்கு என்று இதனைக் குறிப்பிடுவர். நம் சென்னை டிபாசிட்தாரர்களின் கண்ணீரே அந்தத் தீர்ப்பின் அடியில் இருக்கிறது என்பது பாடப்புத்தகங்களில் வருவதில்லை. 1848-ஆம் ஆண்டின் பழைய திவால் சட்டமும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1909-ல் பிரஸிடென்ஸி நகரங்களுக்குப் புதிய சட்டம் வந்தது.

இவ்வளவும் ஒரு வக்கீலின் தொழிலுக்கு உட்பட்டவை. எவ்வளவு திறமையாக வாதாடினாலும், இறந்த பாங்கின் எலும்பைப் பங்கிட்டுக் கொடுப்பதே இன்சால்வென்சி வக்கீலின் வேலை. ரூபாய்க்கு நாலணாவை ஐந்தணாவாக்கலாம். பதினாறணாவாக்க எவராலும் இயலாது. இதனைத் தம் கண்ணெதிரே கண்ட கிருஷ்ணசாமி ஐயர், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வேறொரு காரியத்தைத் தொடங்கினார். இந்தியர் பணத்தை இந்தியரே நிர்வகிக்கும் பாங்கு ஒன்று சென்னையில் ஏற்பட வேண்டும், அது கூட்டு வியாபாரமாக அன்றிப் பங்குகளால் ஆன லிமிடெட் ஸ்தாபனமாக இருக்க வேண்டும் என்று அவரும் வேறு சிலருமாக எட்டுப்பேர் முனைந்தனர்.

அன்று சென்னையிலே பணம் புழங்கும் இடங்கள் இரண்டு வகை. ஒன்று, பாங்கு ஆப் மதராஸ் போன்ற ஐரோப்பியர் நிர்வாகத்திலிருந்தவை. மற்றொன்று, 1872-ல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பர்மனெண்ட் பண்டு போன்ற நிதிகளும், நகரத்தாரின் லேவாதேவியும். நிதிகள் சிறியவை, வீடு, நகை அடமானத்தோடு நின்றுவிடுபவை. நகரத்தாரிடம் பொருளும் இருந்தது, தலைமுறை தலைமுறையாக வந்த தொழில் நுட்பமும் இருந்தது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாய் நாட்டிலும் அவர்கள் கடை பரப்பி, நடப்பு வட்டி, தவணை வட்டி என்று கணக்கிட்டு நாணயமாக நடத்தி வந்தனர். ஆனால் அவர்களுடைய பணம் கடை கடையாக, குடும்பம் குடும்பமாகப் பிரிந்து கிடந்தது. ஊரறியச் சபை கூட்டிப் பங்கு சேர்த்துப் பாங்கு நடத்துவது அவர்களுக்குப் புதிய வழி. சட்டம் அறிந்த மயிலாப்பூரையும் பணம் அறிந்த செட்டிநாட்டையும் ஒரே மேஜையின்முன் உட்கார வைத்ததே கிருஷ்ணசாமி ஐயரின் சாதனை. அண்ணாமலைச் செட்டியாரும் அவருடைய தமையனார் ராமசாமிச் செட்டியாரும் கைகொடுத்தனர். பின்னவர் முதல் டைரக்டர்களுள் ஒருவரானார். 1907 மார்ச் 5-ஆம் தேதி இருபது லட்ச ரூபாய் மூலதனத் திட்டத்தோடு இந்தியன் பாங்கு பதிவு செய்யப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி, வியாழக்கிழமை, பாரி கட்டடத்தில் அதன் கதவு திறந்தது. அந்தத் தேதிக்கு நாற்பது ஆண்டு கழித்து வேறொரு பெருமை வந்து சேரும் என்று அன்று கூடியவர்களில் யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள்.

அக்கால வக்கீல்கள் பாங்குத் தொழிலில் முனைந்தது இந்த ஓரிடத்தில் மட்டுமன்று. மங்களூரிலே கனரா பாங்குக்கு வித்திட்ட அம்மெம்பால் சுப்பராவ் பையும் வக்கீலே. அவர் தம் நிதியை 1906 ஜூலையிலேயே தொடங்கிவிட்டார். ஆகவே அதனை ஆர்பத்நாட் வீழ்ச்சியின் விளைவென்று சொல்வது பொருந்தாது. தூத்துக்குடி வக்கீல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியைப் பதிவு செய்ததும் ஆர்பத்நாட் விழுவதற்கு ஆறு நாள் முன்பு, 1906 அக்டோபர் 16-ல்தான். கடன் பத்திரமும் கம்பெனிப் பத்திரமும் எழுதத் தெரிந்தவர்கள் அந்நாளில் வக்கீல்களே. ஊரார் தம் பணத்தைப்பற்றி யோசனை கேட்டதும் அவர்களையே. சுதேசி இயக்கத்தின் காற்று வீசியபோது முதலில் பாய் விரித்தவர்கள் அவர்களாயிருந்தது இயல்பே.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாங்கு இந்தியருடையதாகிவிட்டால் பணம் பத்திரம் என்று கிருஷ்ணசாமி ஐயர் காலத்தவர் பலர் நம்பினர். அது முழு உண்மையன்று. லாகூரில் ஹரிகிஷன் லால் நடத்திய பீப்பிள்ஸ் பாங்கும், பம்பாயில் இந்தியன் ஸ்பீஸி பாங்கும் 1913-ல் கதவடைத்தன. 1938-ல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கும், 1960-ல் பாலை சென்ட்ரல் பாங்கும் விழுந்தன. இவற்றை நடத்தியவர்கள் நம்மவர்களே. பாங்குகளைக் கண்காணிக்கும் சட்டம் 1949-ல் வந்தது. பாலை பாங்கின் வீழ்ச்சிக்குப் பின்னரே டிபாசிட் இன்ஷூரன்ஸ் ஏற்பட்டது. 1962 ஜனவரி முதல் தேதியன்று அதன் உச்சவரம்பு ஒருவருக்கு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரியில் அது ஐந்து லட்சமாக உயர்ந்தது. இந்தியன் பாங்கோ இந்தப் புயல்களையெல்லாம் தாங்கி, 1969 ஜூலை 19-ல் தேசீயமயமாகும் வரையில் தனியார் ஸ்தாபனமாகவே நடந்தது. அதற்கு லிமிடெட் அமைப்பும் நகரத்தாரின் நாணயமும் எவ்வளவு காரணம், நல்ல காலம் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது அரிது. முன்னவையே பெரிது என்பது நம் எண்ணம்.

பாங்கு திறந்த அதே 1907-ல் நடந்த மற்றொரு செய்தியை விட்டுவிட்டால் கிருஷ்ணசாமி ஐயரின் சரிதம் நிறைவு பெறாது. காங்கிரஸ் அப்போது மிதவாதிகள், தீவிரவாதிகள் என்று பிளவுபடும் நிலையில் இருந்தது. தீவிரவாதிகளின் பக்கம் நின்று மிதவாதிகளைத் தம் பத்திரிகையில் சாடி வந்தவர் சுப்பிரமணிய பாரதியார். சாடப்பட்டவர்களுள் கிருஷ்ணசாமி ஐயரும் ஒருவர். ஜி. ஏ. நடேசன் ஒருநாள் பாரதியாரை ஐயரிடம் அழைத்துச் சென்றார். பாரதியார் தம் தேசீயப் பாடல்களைப் பாடக் கேட்டு ஐயர் உருகிப் போனார். கட்சி வேறுபாட்டை ஒருபுறம் வைத்துவிட்டு, அவற்றுள் மூன்று பாடல்களைத் தம் செலவிலேயே பதினையாயிரம் பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். பாரதியாரின் பாடல்கள் தனி வெளியீடாக மக்கள் கையை அடைந்தது அதுவே முதன்முறை. கணக்கையும் சட்டத்தையுமே கட்டிக்கொண்டு அழுபவனுக்குக் கவிதை ஏது என்று நம்மைப் போன்ற குமாஸ்தாக்களை ஏளனம் செய்யும் நண்பர்களுக்கு இச்செய்தியை நாம் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு.

சூரத்தில் காங்கிரஸ் உடைந்தபின், 1908-ல் சென்னையிலே கூடிய மாநாட்டை மிதவாதிகள் சார்பில் நடத்தி வைத்தவர்களுள் கிருஷ்ணசாமி ஐயர் முதன்மையானவர். இதனால் இளைஞர் பலர் அவரை வெறுத்தனர். அவரது அரசியலை நாமும் முழுதும் ஒப்பவில்லை. ஆயினும் தாம் நம்பியதை ஊர் எதிர்த்தபோதும் அவர் விட்டதில்லை. 1909-ல் ஹைகோர்ட்டு நீதிபதியானார். வக்கீலாக அவர் ஈட்டிய வருவாயோடு ஒப்பிட்டால் நீதிபதியின் சம்பளம் பெரிதன்று. 1911-ல் கவர்னரின் நிர்வாக சபையில் அங்கத்தினராக நியமிக்கப்பட்டார். அப்பதவியில் ஓராண்டுகூட முழுமையாக இருக்கக் கொடுத்து வைக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 28-ஆம் தேதி காலமானார். வயது 48. அவருடைய இடத்துக்கு அடுத்த ஆண்டில் வந்தவர் அவர் நண்பர் பி. எஸ். சிவசாமி ஐயர்.

பிள்ளைகளுள் பாலசுப்பிரமணிய ஐயர் தந்தையின் வக்கீல் தொழிலையே மேற்கொண்டார். சந்திரசேகரன் எழுத்தாளரானார். மகள் சாவித்திரி அம்மாள் தமிழிலே கதையும் நாவலும் எழுதிப் புகழ் பெற்றார். பாங்கு, தந்தையார் மறைந்தபோது, தன் ஐந்தாவது வருஷக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தது.